பெயருக்குப் பக்கத்தில் விலை

அமெரிக்காவின் லூசியானாவில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிறது விட்னி தோட்டம். 1752இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஒருவர் தொடங்கியது. முதலில் நீலச் சாயம் தரும் அவுரி, அப்புறம் கரும்பு. அங்கே பல பழைய தோட்டங்களில் முதலாளியின் மாளிகையைத்தான் பெருமையாகச் சுற்றிக் காட்டுவார்கள், கல்யாணம்கூட நடத்துவார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. 2014இல் அருங்காட்சியகமாகத் திறந்த விட்னியில், அடிமைகளாக வைக்கப்பட்டவர்களின் கதைதான் முதலில் வருகிறது.

உறைபனி விழுவதற்குள் கரும்பை வெட்டி ஆட்டியாக வேண்டும். அதனால் அறுவடைக் காலத்தில் இரவு பகலாக ஆலை ஓடும். கொதிக்கும் சாற்றைக் கொப்பரை கொப்பரையாக மாற்றி ஊற்ற வேண்டும். தூக்கத்தில் கண் சொருகினால் உடம்பு வெந்துபோகும்.

அங்கே குழந்தைகளுக்கென்றே ஒரு நினைவிடம் உண்டு. அந்த வட்டாரத்தில் மூன்று வயதுகூட நிறையாமல் இறந்த 2,200 அடிமைக் குழந்தைகளுக்கானது. இதைப் படித்த அன்று வேறெதுவும் ஓடவில்லை.

இன்னொரு சுவரில் அந்தத் தோட்டத்தில் அடிமைகளாக வைக்கப்பட்டவர்களின் பெயர்கள். அவற்றில் பல, முதலாளிகளின் சொத்துக் கணக்கிலிருந்து எடுத்தவை. அந்தக் கணக்கில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு விலை இருந்தது. சுவரில் பெயரோடு அவர்களின் பூர்வீகம், வயது, தொழில் போன்ற விவரங்கள் இருக்கின்றன.