அஞ்சு போடும்மா

திருநெல்வேலிப் பக்கம் ஒரு டயாலிசிஸ் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத்தரக் கேள்வித்தாளை நோயாளிகளிடம் கேட்டு நிரப்புவது என் வேலைகளில் ஒன்று. மொத்தம் 26 கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தை நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை சொல்ல வேண்டும்.

நாலாவது கேள்வி, அன்றாடம் நடமாட மருத்துவம் எவ்வளவு தேவைப்படுகிறது என்பது. வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் மிஷினோடு கிடப்பவரிடம் அதைக் கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு அண்ணாச்சி சட்டென்று சொன்னார்: "மிஷின் இல்லேன்னா நான் ஏதும்மா? அஞ்சு போடு." நன்றியோடு சொன்ன ஐந்து அது. ஆனால் எண் கூடினால் வாழ்க்கைத்தரம் நல்லது என்பது கணக்கு; மருத்துவம் அதிகம் தேவை என்றால் தரம் குறைவு. அதனால் கணக்குப் போடும்போது இந்தக் கேள்வியைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். அவருடைய ஐந்து ஒன்றாகிவிட்டது. விதி அப்படித்தான், தெரியும். இருந்தாலும் அந்த ஒன்றை எழுத எனக்கு மனசே வரவில்லை.

தூக்கம் பற்றிக் கேட்டபோது அவர் மனைவி, மதினி, முந்திக்கொண்டார். "நல்லா தூங்குறாங்க." அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்படியே குறித்துக்கொண்டேன்.

அது தப்பு என்று பிறகுதான் புரிந்தது. அடுத்த தடவை மதினி மருந்து வாங்கப் போன நேரம் பார்த்துக் கேட்டேன். அதுவும் முதல் ஒரு மணி நேரத்துக்குள். கடைசி மணியில் பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் இழுக்கும். ஆளை விட்டால் போதும் என்றுதான் பதில் வரும். அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார். மூன்றாவது ஷிப்ட் முடிவதற்குள் ஊருக்குக் கடைசி பஸ் போய்விடுகிறது. வாரத்தில் மூன்று ராத்திரி பஸ் ஸ்டாண்டில்தான். "அவ தூங்கிருவா. நான் பையைப் பிடிச்சுக்கிட்டு முழிச்சிருப்பேன்."

ஹீமோகுளோபின், பொட்டாசியம் எல்லாம் நன்றாக இருந்தவர் அவர். கேஸ் ஷீட்டை எத்தனை முறை புரட்டினாலும் அந்த பஸ் ஸ்டாண்ட் அதில் இருக்காது. 25ஆவது கேள்வி, போக்குவரத்து. அதற்கு ஒன்று போடச் சொன்னார்.

தாம்பத்தியம் பற்றிய 21ஆவது கேள்வியையும் சொல்லியாக வேண்டும். முதல் வருஷம் முழுக்க அதை நான் தாண்டித்தான் போனேன். சமூக உறவுப் பகுதிக்கே மொத்தம் மூன்று கேள்விதான், அதில் ஒன்று இது. கல்யாணமாகி இரண்டு வருஷமே ஆன ஒரு தம்பி கடைசியில் கேட்டேவிட்டான்: "நீங்களே கேக்கலைன்னா நான் யார்கிட்டக்கா சொல்ல?" அதற்கப்புறம் யாரிடமும் அதை விட்டதில்லை.

அண்ணாச்சிக்குக் காலை ஷிப்டில் இடம் கிடைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. டெக்னீஷியனிடம் தினமும் போய் நின்றேன். மறுபடி கேள்வித்தாளோடு போனபோது வலி, அசதி எல்லாம் பழையபடியே இருந்தன. தூக்கத்துக்கு நாலு, போக்குவரத்துக்கு நாலு. மத்தியானமே வீட்டுக்குப் போய்ச் சூடாகச் சாப்பிடுவதாகச் சொன்னார்.

நாலாவது கேள்விக்கு மட்டும் மறுபடியும், "அஞ்சு போடும்மா."