வாழ்க என்றால் விவா

அந்திகுவாவில் காலையில் தெருவில் இறங்கினால் முதலில் காதில் விழுவது "பாசே அதெலாந்தே". உள்ளே வாங்க என்று அர்த்தம். கடை வாசலில் நிற்கிற பெண்கள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். கேட்ட பொருள் கடையில் இல்லையென்றால் "ஃபீஹெசே கே..." என்று ஆரம்பிப்பார்கள். "பாருங்க..." என்று நம் கடைக்காரர் இழுப்பாரே, அதேதான். கிளம்பும்போது "கே லே வாயா பியென்", நல்லபடியா போயிட்டு வாங்க. நான் கற்கப் போன சப்ஜங்டிவ், அதாவது விருப்பத்தையும் இன்னும் நடக்காததையும் சொல்கிற ஸ்பானிஷ் வினை வடிவம், இந்த மூன்றிலும் இருக்கிறது என்பது எனக்கு இரண்டாவது வாரம்தான் தெரிந்தது.

அந்திகுவா, குவாத்தமாலாவின் பழைய தலைநகரம். 1773 நிலநடுக்கத்துக்குப் பிறகு தலைநகரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இடிந்த தேவாலயங்கள் சில இன்னும் அப்படியே நிற்கின்றன. ஸ்பானிஷ் கற்பிக்கும் பள்ளிகள் இங்கே நிறைய. ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர், காலையில் நான்கு மணி நேரம், தங்குவது உள்ளூர்க் குடும்பத்தோடு. நான் போனது செப்டம்பர், மழைக்காலம். காலையில் நல்ல வெயில் அடிக்கும், மதியத்துக்கு மேல் கொட்டும்.

வடிவம் கஷ்டமே இல்லை. ஆ, ஏ இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன. ஆப்லா (பேசுகிறார்) ஆப்லே ஆகும், கோமே (சாப்பிடுகிறார்) கோமா ஆகும். வாயா, சேயா மாதிரி முரண்டு பிடிக்கிற சிலவற்றை மனப்பாடம் செய்ய வேண்டும், அவ்வளவுதான். எங்கே போடுவது என்பதுதான் பிடிபடவில்லை. "அவர் வர வேண்டும் என்று விரும்புகிறேன்" என்பதற்கு "கியெரோ கே வெங்கா". நான் ஒவ்வொரு முறையும் மனதுக்குள் ஆங்கிலத்தில் வாக்கியம் அமைத்துவிட்டு "வியெனே" (வருகிறார்) என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆசிரியை பொறுமையாகப் பென்சிலால் கோடு போடுவார். பக்கம் முழுக்கக் கோடுகள்.

ஒருநாள் வகுப்பு முடிகிற நேரம், அடுத்த மாணவர் வாசலில் வந்து நின்றார். ஆசிரியை தலையைத் தூக்காமலே, "கே பாசே!" என்றார். எனக்குக் காதில் தமிழாகவே விழுந்தது: வரட்டும்.

அப்புறம் ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டேன். 'கே யுவேவா' என்றால் மழை பெய்யட்டும். 'கே சே மெஹோரே' என்றால் உடம்பு குணமாகட்டும். பள்ளிக்கூடத்தில் படித்த வியங்கோள் வினைமுற்று நினைவுக்கு வந்தது: வாழ்க, வருக. குவாத்தமாலா விடுதலை நாள் செப்டம்பர் 15. அதற்கு முந்தின நாள் பள்ளிப் பிள்ளைகள் கையில் தீப்பந்தத்தோடு விசில் ஊதிக்கொண்டு தெருத்தெருவாக ஓடுகிறார்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் அவர்கள் மேல் தண்ணீரை வீசுகிறார்கள். நனைந்த சட்டையோடு ஒரு பையன் என் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே "விவா குவாத்தமாலா!" என்று கத்தினான். விவே என்றால் வாழ்கிறது, விவா என்றால் வாழ்க. எனக்குச் சிலிர்த்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜன்னல் உள்ள ஓர் அறையைத் தேடுகிறோம், அது எங்கே, இருக்கிறதா என்றே தெரியாது. அப்போது 'தியெனே' (இருக்கிறது) கூடாது, அதன் சப்ஜங்டிவ் 'தெங்கா'தான். இதற்கு ஆங்கிலப் புத்தகம் அரைப்பக்கம் விளக்கம் எழுதியிருந்தது. நாம் என்ன சொல்வோம்? "ஜன்னல் இருக்கிற மாதிரி ஒரு ரூம் கிடைக்குமா?" அந்த 'மாதிரி' செய்கிற வேலைதான்.

எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுக்காது. 'வரும்போது' என்ற ஒரே சொல்லை வழக்கமாக வருவதற்கும் சொல்வோம், இனிமேல் வரப்போவதற்கும் சொல்வோம். ஸ்பானிஷில் முன்னதற்கு 'குவாந்தோ வியெனே', பின்னதற்கு 'குவாந்தோ வெங்கா'. இன்னும் நடக்காததை நடந்த மாதிரி சொல்ல அந்த மொழி விடுவதில்லை. இதை மட்டும் பேசிப் பேசித்தான் பழக வேண்டியிருந்தது.

கடைசி நாள், தெருமுனையில் நான் தினமும் தோர்த்தியா (சோள ரொட்டி) வாங்கும் அம்மாவிடம் போனேன். மாவை உள்ளங்கையில் தட்டிக்கொண்டே, எப்போது திரும்பி வருவீர்கள் என்று கேட்டார்.

"குவாந்தோ தியோஸ் கியெரா" என்றேன். கடவுள் நினைக்கும்போது. 'கியெரே' அல்ல, 'கியெரா'. யோசிக்காமலே வந்தது.

அவர் தலையாட்டிவிட்டு, கல்லில் உப்பி எழுந்த இரண்டை எடுத்து என் துணியில் கூடுதலாக வைத்தார்.