யார் வைத்த கண்ணிவெடி? தில்லி நாட்குறிப்பு

அக்டோபர் 15, 2025, புதன்

மாவோயிஸ்ட் கட்சியின் உச்சக் குழுவான பொலிட்பீரோவின் உறுப்பினர் மல்லோஜுலா வேணுகோபால் ராவ், காட்டில் பூபதி என்று பெயர், கட்சிரோலியில் மகாராஷ்டிர முதல்வர் பட்னவிஸ் முன்னிலையில் ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டார். கூடவே 60 பேர். மே மாதம் சத்தீஸ்கரின் அபூஜ்மாட் காட்டில் பொதுச்செயலாளர் பசவராஜு கொல்லப்பட்டதிலிருந்தே இயக்கம் ஆட்டம் கண்டிருந்தது. 2026 மார்ச் 31-க்குள் முடித்துவிடுவோம் என்பது அமித் ஷா வைத்த கெடு.

மாடி வீட்டு அண்ணனிடம் செய்தியைக் காட்டினேன். மத்திய ரிசர்வ் போலீஸ் படையான சி.ஆர்.பி.எஃப்-ல் சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர், வேலூர்ப் பக்கம். இப்போது முனிர்க்காவில் மகன் வீட்டோடு இருக்கிறார். "நல்லதும்மா. இனி நாலு பசங்களாவது உயிரோட லீவுக்குப் போவாங்க" என்றார்.

அக்டோபர் 17, வெள்ளி

இன்று சத்தீஸ்கரின் ஜகதல்பூரில் 210 மாவோயிஸ்டுகள் சரண். ஆளுக்கு ஒரு ரோஜாவும் அரசியல் சாசனப் பிரதியும் கொடுத்தார்கள். எனக்கு இதில் மனப்பூர்வமான மகிழ்ச்சிதான். வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் ஆதிவாசிப் பிள்ளைகள். நிலம், காடு, சுரங்கம் என்று அவர்கள் பக்கத்தில் இருக்கும் நியாயத்தை நான் மறுக்கவில்லை. பழங்குடி இளைஞர்கள் கையில் துப்பாக்கி கொடுத்துச் சிறப்புக் காவலர்களாக்கியதையும், மாவோயிஸ்டுகளுக்கு எதிராக அரசு ஆதரவோடு இயங்கிய சல்வா ஜுடும் படையையும் 2011-ல் உச்ச நீதிமன்றமே சட்டவிரோதம் என்றது.

ஆனால் அந்த நியாயத்தின் பெயரில் செத்தது யார்? இந்த ஜனவரி 6-ஆம் தேதி சத்தீஸ்கரின் பிஜாப்பூர் மாவட்டத்தில், தேடுதல் முடிந்து திரும்பிய வண்டி கண்ணிவெடியில் சிதறியது. காவலர்கள் எட்டுப் பேரும் டிரைவரும் பலி. அந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் முன்பு மாவோயிஸ்டாக இருந்து சரணடைந்தவர்கள். சுரங்க முதலாளியோ மந்திரியோ அந்தச் சாலையில் போகவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. முறுக்கு பிழிந்து கொண்டிருக்கும்போது அண்ணன் வந்து உட்கார்ந்தார். சாலை திறப்பு டியூட்டி எப்படி இருக்கும் என்று கேட்டேன். ஆர்.ஓ.பி என்பார்கள். அண்ணன் சொன்னது இது:

வண்டி ஓடுவதற்கு முன்னால் ஆட்கள் நடந்து போய்ப் பார்க்க வேண்டும். சாலையில் நடக்கக் கூடாது. இரு பக்கமும் காட்டுக்குள் தள்ளி, ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நடக்க வேண்டும். முதலில் பாலத்தடிகள். அப்புறம் புதிதாகத் தோண்டிய மண், காரணமில்லாமல் ஓரிடத்தில் மட்டும் ஒட்டுப் போட்ட தார், மரத்தடியில் மண்ணுக்குள் போகும் ஒயர். நேற்றுப் போன தடத்தில் இன்று போகக் கூடாது. மோப்ப நாய் களைத்துவிட்டால் நிறுத்த வேண்டும். "தார் போடறதுக்கு முன்னாடியே ஆழமாப் புதைச்சு வெச்சிருந்தா வெடியைக் கண்டுபிடிக்கிற மெஷின் கத்தாதும்மா. அதுமேலேயே நின்னுட்டு இருப்போம்."

2017 ஏப்ரலில் சுக்மாவின் புர்காபாலில் செத்த 25 பேரும் சாலைப் பணிக்குக் காவல் நின்றவர்கள்தான். நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அந்தச் சாலை வந்தால் அந்த ஊர்களுக்கு ஆம்புலன்ஸ் வரும், ரேஷன் வரும். போலீஸும் வரும் என்பதால் அதைத் தடுத்தார்கள். இதை எந்தத் தத்துவத்தாலும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

காவலர் வீரவணக்க நாள். 1959-ல் இதே தேதியில் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படை சுட்டு இந்தியக் காவலர்கள் பத்துப் பேர் இறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் பணியில் உயிர்விட்ட காவலர்கள் 36,000-க்கு மேல். டிவியில் மலர்வளையம் பார்த்தேன். வெளியே பட்டாசுப் புகையில் எதிர் வீடு தெரியவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

அண்ணனோடு சாணக்யபுரி தேசிய காவலர் நினைவிடத்துக்குப் போனோம். 30 அடி உயரம், 238 டன் எடையுள்ள கருங்கல் தூண். சுற்றிலும் சுவரில் பெயர்கள். அண்ணன் தன்னோடு வேலை பார்த்தவரின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தார். அதன் மேல் விரல் வைத்தபடியே, "இவன் கேஸ்ல யாருக்கும்மா தண்டனை கிடைச்சுது?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து பழைய செய்திகளைத் தேடிப் படித்ததில் எனக்குக் கோபம் தாளவில்லை. 2010 ஏப்ரல் 6, சத்தீஸ்கரின் தாட்மெட்லா: 76 காவலர்கள் ஒரே காலையில் பலி. பத்துப் பேர் மீது வழக்கு. 2013-ல் அத்தனை பேரும் விடுதலை. இந்த ஆண்டு மே மாதம் சத்தீஸ்கர் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது, ஆதாரம் போதவில்லை என்று. புர்காபால் வழக்கில் 121 ஆதிவாசிகள் ஐந்து வருடம் போல ஜெயிலில் இருந்து 2022-ல் விடுதலையானார்கள். கையில் கிடைத்தவர்களைப் பிடித்து அடைத்ததில் கிராமத்துக்கும் அநியாயம், செத்தவனுக்கும் அநியாயம். காவலர் சாவை இந்த அரசு உண்மையிலேயே மதித்தால் முதலில் ஒழுங்காகப் புலன்விசாரணை செய்திருக்க வேண்டும்.

அக்டோபர் 28, செவ்வாய்

சரணடைந்தவர்களின் வழக்குகள் என்னவாகும் என்று அண்ணனிடம் கேட்டேன். தூக்கில் போட வேண்டும் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். "வேணாம். மன்னிச்சுக்கூட விடட்டும். ஆனா கோர்ட்டுல நின்னு, எந்த இடத்துல யார் புதைச்சாங்க, யார் சொல்லிப் புதைச்சாங்கன்னு சொல்லட்டும். சும்மா அடைச்சு வெச்ச அந்த ஊர்க்காரங்க பேரையும் சேர்த்துச் சொல்லட்டும்."

நான் அதில் சேர்ப்பது ஒன்றுதான்: இன்னும் மண்ணுக்குள் இருக்கும் வெடிகளின் இடத்தையும் இப்போதே சொல்லட்டும். அந்தச் சாலைகளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் நடக்கிறார்கள்.