உடம்பு எழாத அந்த நிமிடங்கள்: தூக்க முடக்கத்தைக் கையாள்வது

கண் திறந்திருக்கும், அறை தெரியும், கை கால் மட்டும் அசையாது. கத்தப் பார்த்தால் குரல் தொண்டையோடு நின்றுவிடும். மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்த கனம். ‘அமுக்குது’ என்று நாம் சொல்லும் இதுதான் தூக்க முடக்கம். சில நொடிகளில் இருந்து ஓரிரு நிமிடங்களுக்குள் பெரும்பாலும் தானே விலகிவிடும்.

இதில் ஆளை அதிகம் மிரட்டுவது மூச்சு. கனவு வரும் ரெம் தூக்கத்தில், கனவில் ஓடும்போது உடம்பும் சேர்ந்து ஓடிவிடாதபடி மூளைத்தண்டு தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அந்தத் தளர்ச்சி நீங்கும் முன்பே மனம் விழித்துக்கொண்டால் அதுதான் முடக்கம். விழியை அசைக்கும் தசைகளும், மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்து மூச்சை இயக்கும் தசையான உதரவிதானமும் இதில் சிக்குவதில்லை. ஆனால் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் ஓய்ந்துகிடக்கும். அதனால் மூச்சை ஆழமாக இழுக்கப் பார்த்தால் மார்பு விரியாது. ‘மூச்சு நின்றுவிட்டது’ என்று பயம் தலைக்கேறும். மூச்சு நிற்கவில்லை. உதரவிதானம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எனவே இழுக்க முயலவே வேண்டாம். கவனத்தை வயிற்றுக்குக் கொண்டுபோய், தானாக வெளியேறும் மூச்சை மட்டும் எண்ணுங்கள். பத்து வந்ததும் மறுபடி ஒன்று.

பலரும் செய்யும் தவறு, ஒரே மூச்சில் எழுந்து உட்காரப் பார்ப்பது. அது நடக்காது, நடக்காதபோது பீதி இரட்டிப்பாகும். கால் கட்டைவிரல் அல்லது சுண்டுவிரல் நுனி, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதை மட்டும் அசைக்கப் பாருங்கள். விழிகளை இடவலமாக உருட்டுவதும் சிலருக்கு உதவும். இரண்டு முறை முயன்றும் அசையவில்லையா, விட்டுவிட்டு மூச்செண்ணிக்கைக்கே திரும்புங்கள். சிலருக்கு விரல் அசைவு கைகொடுக்கும், சிலருக்குச் சும்மா கிடப்பதே சீக்கிரம் விடுவிக்கும். உங்களுக்கு எது என்பது சில தடவைகளில் பிடிபட்டுவிடும்.

கதவோரம் ஆள் நிற்பது, காலடிச் சத்தம், மிதப்பது போன்ற உணர்வு: இவையெல்லாம் திறந்த கண்ணின் மேல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கனவு. உற்றுப் பார்த்து உறுதிசெய்யப் போனால் உருவம் தெளிவாகிக்கொண்டே போகும். கண்ணை மூட முடிந்தால் மூடிவிடுங்கள். ‘இது கனவின் மிச்சம், தசை இன்னும் விழிக்கவில்லை’ என்று ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆனால் அதைப் பகலிலேயே, படுத்த நிலையிலேயே சொல்லிப் பழகியிருக்க வேண்டும். பயத்தின் நடுவே புதிதாக எந்த வாக்கியமும் உருவாகாது.

விட்டதும் என்ன செய்கிறோம் என்பதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ‘அப்பாடா’ என்று அதே நிலையில் கண்ணை மூடினால், நேராக ரெம் தூக்கத்துக்குள் போய் மறுபடி மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். எவ்வளவு தூக்கம் அழுத்தினாலும் எழுந்துவிடுங்கள். விளக்கைப் போட்டு, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து முதல் பத்து நிமிடம் உட்காருங்கள். போனைத் தொட வேண்டாம். பிறகு ஒருக்களித்துப் படுங்கள்.

மல்லாந்து படுக்கும்போது இது கூடுதலாக வருகிறது. பக்கவாட்டில் தூங்கினாலும் இரவில் புரண்டு மல்லாந்துவிடுவோம் என்பதால், முதுகுக்குப் பின்னால் கனமான தலையணை ஒன்றை அணைகொடுப்பது நல்லது.

அடுத்து தூக்கக் கடன். சில இரவுகள் குறைவாகத் தூங்கினால், விட்டுப்போன ரெம்மை மூளை பின்னர் மொத்தமாக ஈடுகட்டப் பார்க்கும். முடக்கம் நுழைவதும் அப்போதுதான். படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தை நிலைப்படுத்துவது எளிது, விடுமுறை நாளிலும் அதே நேரம். பகல் தூக்கம் 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். காபியின் காஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். மதுவோ முன்னிரவில் ரெம்மை அடக்கிவைத்துப் பின்னிரவில் பீறிட விடுகிறது. மனச்சோர்வு மாத்திரைகள் பலவும் ரெம்மைக் குறைப்பவை. திடீரென நிறுத்தினால் அது திரும்பப் பாயும், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

மூன்று வாரத்துக்குக் குறித்து வையுங்கள்: படுத்த நேரம், எழுந்த நேரம், முடக்கம் வந்த மணி, அப்போது கிடந்த நிலை, அன்றைய காபி, மாத்திரை. உங்களுக்கு எது தூண்டுகிறது என்று அதில் தெரிந்துவிடும்.

பகலில் அடக்க முடியாத தூக்கம், சிரித்தாலோ கோபப்பட்டாலோ முழங்கால் துவண்டுபோவது இரண்டும் இருந்தால் நார்கோலெப்சி என்ற தூக்கக் கோளாறாக இருக்கலாம். பலத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவதும் சோதிக்க வேண்டியது. இவற்றுக்குத் தூக்கவியல் மருத்துவரைப் பாருங்கள், குறிப்பேட்டையும் கொண்டுபோங்கள். முழுதாக விழித்த பிறகும் ஒரு பக்கம் பலமில்லாமலோ, பேச்சு குழறியோ இருந்தால் அது தூக்க முடக்கம் அல்ல, உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

பக்கத்தில் படுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மூச்சு வேகமானாலோ முனகல் கேட்டாலோ, பெயரைச் சொல்லித் தோளைத் தொட்டால் போதும், பல நேரம் அந்தத் தொடுதலே கட்டை அவிழ்த்துவிடும்.