மேட்டூர் திறப்பதற்குள் ஒரு ஹெட்

ஜூன் 3, 2025, செவ்வாய்

மாமா வீட்டுக் கொல்லையில் எங்கள் டிராக்டரில் ரோட்டவேட்டர் மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். பதினொன்றரை மணி இருக்கும். பானட்டுக்கு அடியிலிருந்து ஆவி பீறிட்டது. வெப்பமானி முள் இரண்டு வருடமாகவே படுத்துக் கிடக்கிறது. கொதித்தால் கண்ணுக்குத் தெரியாமலா போகும் என்று நானும் மாற்றவில்லை. தெரிந்துவிட்டது.

வண்டியை நிறுத்தி, சாக்கை மடித்துப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். ஆவி அடங்கியதும் அவசரம் தாங்காமல் பம்புசெட்டிலிருந்து ஒரு குடம் தண்ணீர் பிடித்து வந்து அப்படியே கவிழ்த்தேன். எஞ்சினுக்குள் எங்கோ "டிக்" என்று ஒரு சத்தம், தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடி ஸ்டார்ட் செய்து கொல்லையை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். வரும் வழியெல்லாம் வெள்ளைப் புகை.

அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். புகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பச்சத் தண்ணி ஊத்துனியா?" என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 4, புதன்

காலையில் மெக்கானிக் அண்ணன் வந்தார். எங்கள் வண்டி மாஸி 1035, மூன்று சிலிண்டர். 1997-இல் அப்பா வாங்கியது. அன்றிலிருந்து அண்ணன் கைதான்.

முதலில் ஆயில் கேஜ் கம்பியை உருவிப் பார்த்தார். டிகாக்‌ஷன் குறைந்த காபி நிறத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கிறது. அப்புறம் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். எஞ்சின் இன்னும் சூடேறக்கூட இல்லை, அரை நிமிடத்திலேயே தண்ணீருக்குள் குமிழ் குமிழாக வந்தது. சூட்டில் வரும் கொதி இல்லை அது, சிலிண்டருக்குள் வெடிக்கும் வாயு தண்ணீர்ப் பாதைக்குள் நுழைகிறது. எந்த சிலிண்டர் என்று பார்க்க, ஓடும்போதே டீசலைத் தெளிக்கும் நாசிலுக்குப் போகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். ஒன்றைத் தளர்த்தினார், குமிழ் குறையவில்லை. மூன்றைத் தளர்த்தினார், குறையவில்லை. இரண்டாவதைத் தளர்த்தியதும் குமிழ் அடங்கிவிட்டது. சிலிண்டர்களுக்கு மேலே மூடி மாதிரி உட்கார்ந்திருக்கும் வார்ப்பிரும்பு ஹெட் விரிசல் விட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கு அடியில் கசியாமல் அடைக்கும் கேஸ்கட் தகடு போயிருக்க வேண்டும்.

"கேஸ்கட்டா இருந்தா உன் அதிர்ஷ்டம் தம்பி. ஹெட்டா இருந்தா செலவு. இனிமே ஸ்டார்ட் பண்ணாதே, இந்த ஆயிலோட ஓடுனா பேரிங்கும் போயிடும்."

நாற்றங்காலில் ஆடுதுறை 43 நெல் விட்டது மே 28-இல். 25 நாளைத் தாண்டி நாற்றைப் பிடுங்கி நட்டால் தூர் வெடிப்பு குறையும். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், ஜூன் 22. அதற்கு இரண்டு நாள் முன்னால் சேறடித்தாக வேண்டும். மேட்டூர் வேறு 12-ஆம் தேதி திறப்பார்கள் என்கிறார்கள். தண்ணீர் வந்துவிட்டால் ஊரில் ஒரு டிராக்டரும் வாடகைக்குக் கிடைக்காது. எல்லாருக்கும் ஒரே வாரத்தில்தான் வேலை.

ஜூன் 6, வெள்ளி

ஹெட்டைக் கழற்றினோம். டீசல் டேங்க் எஞ்சினுக்கு மேலேயே உட்கார்ந்திருப்பதால் அதை இறக்கவே ஒரு மணி நேரம். சைலன்சர், மேனிஃபோல்டு, நாசில், ராக்கர் என்று ஒவ்வொன்றாக இறங்கின. வால்வுகளைத் திறக்கத் தள்ளும் புஷ் ராடுகளை ஒரு அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, எண் எழுதி, வரிசை மாறாமல் குத்தி வைத்தார் அண்ணன். தேய்ந்த இடத்துக்குத் தேய்ந்த ஜோடிதான் போக வேண்டுமாம்.

நட்டெல்லாம் எடுத்த பிறகும் ஹெட் அசையவில்லை. நான் உளியை எடுத்தேன். கையைத் தட்டிவிட்டார். உளி ஒரு கோடு போட்டால் போதும், அந்தக் கோட்டிலேயே நாளைக்கு ஒழுகும். மரச்சுத்தியால் நாலு பக்கமும் தட்டித் தட்டித்தான் தூக்கினோம், ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து.

கேஸ்கட் பழுதில்லாமல் இருந்தது. சிலிண்டர் வளையங்களைச் சுற்றி எங்கும் கருப்புத் தடம் ஓடவில்லை. ஆனால் பிஸ்டன்களைப் பார்த்தபோதே விஷயம் புரிந்துவிட்டது. ஒன்றிலும் மூன்றிலும் கரி அப்பியிருந்தது. நடுவில் இருந்த இரண்டாவது பிஸ்டன் மட்டும் சபீனா போட்டுத் தேய்த்த பாத்திரம் மாதிரிப் பளிச்சென்று இருந்தது. உள்ளே கசிந்த தண்ணீர் ஆவியாகி ஆவியாகிக் கழுவி வைத்திருக்கிறது.

ஜூன் 7, சனி

இன்று பக்ரீத். வெல்டிங் பாய் பட்டறை மூடியிருந்தது. கும்பகோணத்தில் லேத் பட்டறைக்கு ஹெட்டைக் கொண்டுபோனோம்.

பட்டறைக்காரர் முதலில் ஹெட்டைத் தொங்கவிட்டு ஸ்பானரால் தட்டினார். சந்தையில் பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதேதான். கணீரென்று வரவில்லை, மந்தமாக வந்தது. பிறகு டீசல் ஊற்றிக் கழுவி, கம்பி பிரஷ் போட்டு, சிவப்புச் சாயத்தை அடித்துப் பதினைந்து நிமிடம் விட்டார். துணியால் சுத்தமாகத் துடைத்தார். மேலே வெள்ளைப் பொடி ஸ்ப்ரே. வெறும் வெள்ளையாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது சிலிண்டரின் இரண்டு வால்வு சீட்டுக்கும், அதாவது வால்வு வந்து உட்காரும் வளையங்களுக்கும், நடுவே ஒரு சிவப்பு மயிரிழை மெல்ல எழும்பியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீண்டது. இரண்டு சென்டிமீட்டர் இருக்கும்.

அந்த இடத்தில்தான் விரிசல் விடும் என்றார். ஒரு பக்கம் வெளிக்காற்று நுழையும் வால்வு, மறுபக்கம் எரிந்த வாயு போகும் வால்வு. நடுவில் இருப்பது சின்னப் பாலம் அளவு இரும்பு. அதற்குப் பின்னால் தண்ணீர் ஓடினால்தான் அது தப்பிக்கும். கொதித்து வற்றிய நேரத்தில் பாலம் காய்ந்து கிடந்திருக்கிறது, அதன் தலையில் நான் ஒரு குடம் போர் தண்ணீரைக் கொட்டியிருக்கிறேன். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, விட்டுத்தான் கொடுக்கும். அரை மணி நேரம் நிழலில் நிறுத்தியிருந்தால் போதும்.

தண்ணீர்ப் பாதைக்குள் விரலை விட்டுக் காட்டினார். சுண்ணாம்பு, டீ வடிகட்டியில் படிவது போலக் கெட்டியாக. எல்லாம் எங்கள் போர் தண்ணீர் செய்த வேலை. பச்சை நிறக் கூலன்டைப் பார்த்து எத்தனை வருடம் ஆகிறதோ.

புது ஹெட் 16,000 பக்கம். வெல்டிங் என்றால் மூவாயிரம், அதற்கு மேல் ஹெட்டின் முகத்தைச் சீவிச் சமமாக்கும் ஃபேஸிங் கூலி. நான் வெல்டிங் என்றேன். பட்டறைக்காரர் முகத்தில் உற்சாகம் இல்லை. "பாலத்துல வெல்டிங் நிக்கிறது அவங்கவங்க ராசி" என்றார்.

ஜூன் 9, திங்கள்

பாய் வேலை செய்வதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கே மூவாயிரம் கொடுக்கலாம்.

விரிசலின் இரண்டு முனையிலும் 3 மி.மீ. ஓட்டை போட்டார், மேற்கொண்டு ஓடாமல் இருக்க. பிறகு விரிசலை வி வடிவத்தில் குடைந்தெடுத்தார். வார்ப்பிரும்பைச் சும்மா வைத்து வெல்டிங் அடித்தால் பற்றிய இடம் கண்ணாடி மாதிரி இறுகி, பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும். அதில் கரி 3 சதவீதத்துக்கு மேல். வேகமாக ஆறினால் அந்தக் கரிதான் இரும்பை இறுக்கிவிடும். அதனால் செங்கல் அடுக்கி, மரக்கரி மூட்டி, முழு ஹெட்டையும் நிழலில் பார்த்தால் மங்கலாகச் சிவக்கும் வரை ஏற்றினார். 600 டிகிரி வரும் என்றார். அந்தச் சூட்டின் மேலேயே குனிந்து, கேஸ் வெல்டிங்கில் வார்ப்பிரும்புக் குச்சியை உருக்கி விட்டார். ஜூன் வெயிலில் தகரக் கூரைக்கு அடியில். நான் பத்தடி தள்ளி நின்றும் கன்னம் எரிந்தது.

முடிந்ததும் பேசாமல் ஒரு குழியைக் காட்டினார். நிறைய உமிச் சாம்பல். ஹெட்டை அதற்குள் புதைத்து, மேலேயும் சாம்பலை மூடி, தகரத்தைப் போட்டார். "நாளைக்கும் தொடாதே. புதன்கிழமை வா." நெல் கொடுத்த உமி நெல்லுக்காரன் வண்டியைக் காப்பாற்றட்டும் என்று சொல்லிவைத்தேன். பாய் சிரிக்கவில்லை, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 11, புதன்

ஹெட் வெளியே வந்தது. பார்க்க அருமையாக இருந்தது. லேத்தில் மேலோட்டமாக ஒரு ஃபேஸிங், சீட் கட்டிங். அப்புறம் டெஸ்ட். தண்ணீர் ஓட்டைகளையெல்லாம் ரப்பர் வைத்துத் தகடு போட்டு அடைத்து, ஒரு ஓட்டையில் மட்டும் காற்றுக் குழாய். மூன்று கிலோ காற்று ஏற்றித் தொட்டியில் முக்கினார்கள். ஒரு குமிழ் இல்லை. நான் மனதுக்குள் பதினாறாயிரத்தை மிச்சம் பிடித்துவிட்டேன்.

"இரு. வெந்நீர்ல பாப்போம்."

தொட்டிக்குள் ஹீட்டர் போட்டார்கள். கை வைக்க முடியாத சூடு வந்ததும் வெல்டிங்குக்குப் பக்கத்தில், வெல்டிங் அடித்த இடத்தில் இல்லை, அதற்கு அரை விரல் தள்ளி, ஊசி முனை அளவில் குமிழ்கள் சரம் சரமாக எழும்பின. இரும்பு சூட்டில் விரியும்போது மட்டும் வாயைத் திறக்கும் இன்னொரு விரிசல். பச்சைத் தண்ணீரில் மட்டும் பார்த்துவிட்டு மாட்டியிருந்தால் சேற்றுக்கு நடுவே நின்றிருப்பேன்.

பாய் இன்னொரு முறை ஏற்றிப் பார்க்கவா என்றார். நான் யோசித்தேன். அவரே, "வேணாம், நாலு தடவ சூடு பண்ணா மத்த எடமும் விடும்" என்றார். கூலி வேண்டாம், கரிக்காசு மட்டும் கொடு என்றார். ஆயிரம் ரூபாயைப் பாக்கெட்டில் திணித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 12, வியாழன்

மேட்டூர் திறந்துவிட்டார்கள். டிவியில் பூத் தூவினார்கள். அப்பா சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நாற்றுக்கு 15 நாள்.

ஜூன் 14, சனி

பழைய ஹெட் வாங்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. சென்னை புதுப்பேட்டை போனால் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று மச்சான் சொன்னான். போக வர ஒரு நாள், கிடைத்ததை மறுபடி வெந்நீரில் முக்கிப் பார்க்க ஒரு நாள், அதுவும் விரிசல் விட்டிருந்தால்? எவன் எந்தக் குடத்தைக் கவிழ்த்த ஹெட்டோ. வேண்டாம் என்று விட்டேன்.

தஞ்சாவூரில் புது ஹெட் 15,800. வால்வு, ஸ்பிரிங் இல்லாத வெறும் ஹெட். கேஸ்கட் செட், ஹோஸ், தெர்மாஸ்டாட், ஃபேன் பெல்ட், கூலன்டு எல்லாம் சேர்த்து 21,000 தாண்டியது. வெப்பமானியும் வாங்கினேன். அதன் விலையைச் சொன்னால் அப்பா திட்டுவார். இரண்டு வருடமாக அந்தக் காசை மிச்சம் பிடித்ததுதான் இவ்வளவும்.

ஜூன் 16, திங்கள்

நேற்று கல்லணை திறந்துவிட்டார்கள். இன்று அண்ணனும் நானும் காலை ஆறு மணிக்கே உட்கார்ந்தோம்.

பழைய வால்வுகளை கிரைண்டிங் பேஸ்ட் தடவிப் புது சீட்டில் உருட்டும் வேலை எனக்கு. உள்ளங்கைக்கு நடுவே குச்சியை வைத்து மத்து கடைவது போல முன்னும் பின்னும். ஒரு வால்வுக்குக் கால் மணி நேரம். சீட்டில் சாம்பல் நிற வளையம் அறுபடாமல் விழ வேண்டும். பிறகு வால்வை மாட்டி, போர்ட்டில் டீசல் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்தோம். ஐந்து நின்றது, ஒன்று வியர்த்தது. மறுபடி கடைந்தேன்.

இதற்கிடையில் அண்ணன் ரேடியேட்டரைக் கழற்றிப் பின்பக்கமிருந்து தண்ணீர் அடித்தார். பதரும் வைக்கோல் தூசியும் கூழாக வந்து விழுந்தன. வெளிப்பக்கம் பார்த்துப் பார்த்துத் துடைத்திருக்கிறேன், சந்துக்குள் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. ஃபேன் பெல்ட்டும் தொளதொளவென்று. ஹெட் விரிசல் விடாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கேஸ்கட்டில் டாப் என்று பொறித்த பக்கம் மேலே. அண்ணன் ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட்களைத் துடைத்து ஆயில் விட்டு, நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்கு, மாற்றி மாற்றி, மூன்று சுற்றாக, முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் நட்டுகளை முறுக்கினார். ஒரே மூச்சில் முறுக்கினால் புது ஹெட்டும் கோணிக்கொள்ளும். வால்வுக்கு மேலே விடும் டேப்பட் இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பன்னிரண்டு தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு. அதை அளக்கும் ஃபீலர் தகட்டை என் கையில் கொடுத்து, வெண்ணெய்க்குள் கத்தி போவது போல இழுத்தால் வர வேண்டும், விட்டால் விழக் கூடாது என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

ஆயில் மாற்றிக் கால் மணி நேரம் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு மறுபடி புது ஆயில். முதல் வடிப்பில் இன்னும் காபி நிறம் இருந்தது. இரண்டாவது சுத்தம். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் சுழன்றது. குமிழ் வரவில்லை. வெப்பமானி முள் மெல்ல ஏறி நடுவில் நின்றது. அப்பா வந்து முள்ளைப் பார்த்தார், விலை கேட்கவில்லை.

எஞ்சின் சூட்டோடு ஹெட் நட்டுகளை ஒரு சுற்று முறுக்கிப் பார்த்தோம். அப்புறம் டேப்பட்டும்.

ஜூன் 20, வெள்ளி

எங்கள் வாய்க்காலுக்கு ஆற்றுத் தண்ணீர் இன்னும் வரவில்லை. போர் தண்ணீரை வைத்தே, சேற்றுக்கான இரும்புச் சக்கரமான கேஜ் வீல் மாட்டிச் சேறடித்தேன். சேற்றில்தான் எஞ்சினுக்கு உண்மையான பாரம். முதல் ஒரு மணி நேரம் வயலைப் பார்க்கவே இல்லை, முள்ளைத்தான் பார்த்தேன். அதனால் வரப்போரம் ஒரு சால் விட்டுப்போய்விட்டது. பின்னால் ஏழெட்டுக் கொக்குகள் புழு பொறுக்கிக்கொண்டே வந்தன. முள் நடுவை விட்டு ஒரு நூல் மேலே போனது, அவ்வளவுதான்.

நாற்று 23 நாள். ஞாயிறு நடவுக்கு ஆள் சொல்லியாயிற்று.

ஜூன் 22, ஞாயிறு

நடவு நடக்கும்போது அண்ணன் வந்து ராக்கர் மூடியைத் திறந்து மறுபடி முறுக்கிப் பார்த்தார். சைலன்சர் பக்கம் இரண்டு ஸ்டட் கொஞ்சம் நகர்ந்தன, மற்றவை அசையவில்லை. ஆயில் கம்பி தேன் நிறம். ரேடியேட்டரில் அரை விரல் இறங்கியிருந்தது. காற்று வெளியேறியதால் இருக்கும், நாளைக்கும் பார் என்றார்.

பழைய ஹெட்டை இரும்புக் கடையில் போடவில்லை. கொட்டகை வாசலில் கிடக்கிறது. மாமா நாளைக்கு இரண்டாவது கொல்லைக்குக் கூப்பிட்டிருக்கிறார்.