சான்ட்ரோவின் பின்விளக்கும் 330 ஓம் மின்தடையும்

சென்ற மாதம் ஓர் இரவு செங்கல்பட்டிலிருந்து தாம்பரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, என் மனைவியின் தம்பி தன் மோட்டார் சைக்கிளில் என் காருக்குப் பின்னாலேயே வந்தான். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் என் 2010ஆம் ஆண்டு சான்ட்ரோவின் பின்விளக்குகளில் எல்.இ.டி. பல்புகளைப் பொருத்தியிருந்தேன் என்பதால், அவன் வாயிலிருந்து ஒரு பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தேன். கூடுவாஞ்சேரி அருகே தேநீர் குடிக்க நிறுத்தியதும் அவன் சொன்னது இதுதான்: "மாமா, லைட்டு பளிச்சுன்னு இருக்கு. ஆனா நீங்க பிரேக் புடிக்கிறதுதான் தெரியவே இல்ல. ரெண்டு தடவ உங்க மேல இடிக்கப் பாத்தேன்."

வீட்டுக்கு வந்ததும் வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்தி, பிரேக் மிதியின் மேல் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது முற்றிலும் உண்மை. டெயில் விளக்கு எரியும்போதே பிரேக் விளக்கைப் போல எரிந்தது. பிரேக் பிடித்தால் அந்தச் சிவப்பு இன்னும் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். அன்று தொடங்கிய வேலை மூன்று வாரங்கள் கழித்து நேற்றுதான் ஒரு நிலைக்கு வந்திருக்கிறது.

விளக்குக் கூட்டைக் கழற்றுவது, ஹோல்டரைத் திருகி எடுப்பது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் அதை என்னைவிட வேகமாகச் செய்வார்கள். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி. போடக்கூடாது என்பதும் தெரிந்ததே. வெள்ளை எல்.இ.டி.யின் ஒளியில் நீலமும் மஞ்சளுமே மிகுதி, சிவப்பின் பங்கு குறைவு. கண்ணாடி மற்றவற்றை விழுங்கிவிட்டு வெளுத்த ஒரு ரோஜா நிறத்தை மட்டும் வெளியே விடும். சிவப்புக்குச் சிவப்பு, மஞ்சளுக்கு மஞ்சள் என்று வாங்கினால் ஒளி வீணாகாது.

நான் சொல்ல வந்தது 21/5 வாட் டபுள் காண்டாக்ட் பல்பைப் பற்றி. கடையில் 1157 என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். இந்தப் பல்பினுள் இரண்டு இழைகள் இருக்கின்றன. 5 வாட் இழை டெயிலுக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. வாட் கணக்கைப் பார்த்தால் ஒன்றுக்கு நான்கு என்றுதான் தோன்றும். ஆனால் ஒளியின் அளவில் சிறிய இழைக்குச் சுமார் 35 லூமென், பெரிய இழைக்குச் சுமார் 440 லூமென் என்றுதான் தரநிர்ணயம் இருக்கிறது. அதாவது ஒன்றுக்குப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். பின்னால் வருபவரின் கால் தானாகப் பிரேக்கைத் தேடுவது இந்த எகிறலினால்தான். வெளிச்சத்தின் மொத்த அளவு இரண்டாம்பட்சம். மலிவான எல்.இ.டி. பல்பைச் செய்கிறவர்கள் பெட்டியில் அதிக லூமென் அச்சடிப்பதில் காட்டும் அக்கறையை இந்த விகிதத்தில் காட்டுவதில்லை.

இதைக் கண்ணால் மதிப்பிட்டுக் கொண்டிருந்தால் தீராது என்பதால், தொலைக்காட்சிப் பெட்டி வந்த அட்டைப்பெட்டியை எடுத்து உள்ளே முழுவதும் கறுப்பு சார்ட் தாள் ஒட்டினேன். ஒரு முனையில் விளக்குக் கூடு, சரியாக ஒரு மீட்டர் தள்ளி மறுமுனையில் கைபேசி, அதில் லக்ஸ், அதாவது மேலே விழும் வெளிச்சத்தை அளக்கும் செயலி. கைபேசியின் உணரி சிவப்பு ஒளியைத் துல்லியமாக அளக்காது என்பது உண்மைதான். ஆனால் எனக்கு வேண்டியது ஒரே விளக்கின் இரண்டு நிலைகளுக்கு இடையிலான விகிதம் மட்டுமே. அதற்கு இந்தப் பெட்டி தாராளமாகப் போதும்.

பழைய இழைப் பல்பைப் போட்டபோது டெயில் 13, பிரேக் 158 என்று காட்டியது. பன்னிரண்டு மடங்கு. ஏட்டில் உள்ளதற்கு மிக நெருக்கமாக வந்ததைப் பார்த்ததும் பெட்டியின் மேல் எனக்கு மரியாதையே பிறந்துவிட்டது. எல்.இ.டி.யைப் போட்டபோது டெயில் 60, பிரேக் 175. மூன்று மடங்குகூட இல்லை! பிரேக் விளக்கு பழையதைவிடக் கூடுதலாகத்தான் எரிகிறது. கெடுதல் முழுவதும் டெயில் நாலரை மடங்கு பிரகாசமானதில்தான் இருக்கிறது. ஆகவே பிரேக்கைக் கூட்டுவதை விட்டுவிட்டு டெயிலைக் குறைக்க வேண்டும்.

உடனே சூடாகி, "நல்ல" பல்பு வாங்கினால் தீர்ந்துவிடும் என்று ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போய், உள்ளே மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்தும் டிரைவர் சிப் வைத்த விலை கூடிய ஜோடி ஒன்றை வாங்கி வந்தேன். கடைக்காரர், "சார், இது கேன்பஸ் மாடல், எந்த வண்டிக்கும் செட்டாகும்" என்றார். கேன்பஸ் என்பது புதிய கார்களில் மின்னணுப் பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் கம்பித் தொடர்; என் சான்ட்ரோவுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதைச் சொல்லி அவர் மனத்தை நோகடிக்கவில்லை. பெட்டியில் வைத்து அளந்தபோது நான்கு மடங்கு வந்தது. போதாக்குறைக்கு அது டெயில் நிலையில் ஒளியைக் குறைப்பதற்கு எல்.இ.டி.யை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுகிறது. நேராகப் பார்த்தால் தெரியாது, ஆனால் பார்வையைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பினால் இருட்டில் சிவப்புப் புள்ளிகள் கோலம் வைத்ததுபோல வரிசையாகத் தெரிந்தன. அந்தக் காட்சியை ஒருமுறை பார்த்தபின் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த ஜோடி இப்போது மேசை இழுப்பறையில் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமானால் பாதி விலைக்குத் தருகிறேன்.

மீண்டும் முதல் பல்புக்கே வந்து, இழப்பதற்கு ஒன்றுமில்லை என்று ஒன்றை உடைத்துப் பார்த்தேன். உள்ளே சிப் எதுவும் கிடையாது. மூன்று மூன்று சிவப்பு எல்.இ.டி.கள் தொடராக நிற்கும் சில வரிசைகள், ஒவ்வொரு இணைப்புக்கும் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டயோடு, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சில மின்தடைகள், இவ்வளவே. மலிவாகச் செய்யப்பட்டதால்தான் இது நம் கைக்கு அடங்கும்: டெயில் கம்பியில் தொடராக ஒரு மின்தடையைச் சேர்த்தால் மின்னோட்டம் குறையும், ஒளியும் ஏறக்குறைய அதே அளவில் குறையும். டிரைவர் சிப் உள்ள பல்பில் இந்த வித்தை பலிக்காது. முயன்று பார்த்தேன், அது ஒளியைக் குறைக்காமல் விட்டு விட்டு எரிந்து முரண்டு பிடித்தது.

கணக்கு எளிது. என்ஜின் ஓடும்போது விளக்குக்கு 13.8 வோல்ட் வருகிறது. டயோடில் 0.7, மூன்று எல்.இ.டி.களில் சுமார் 6.3 போனால் மீதம் 6.8 வோல்ட். மல்டிமீட்டரில் டெயில் மின்னோட்டம் 60 மில்லி ஆம்பியர் என்று காட்டியதால், உள்ளே இருக்கும் மின்தடை மொத்தத்தில் 113 ஓமுக்குச் சமம். இதனுடன் 150 ஓம் சேர்த்தால் 26 மில்லி ஆம்பியர்; 330 ஓம் சேர்த்தால் 15.

இங்கே ஒரு மடத்தனம் செய்தேன். முதல் நாள் அளவுகளை எல்லாம் வீட்டில் இருந்த 12 வோல்ட் அடாப்டரில் எடுத்து, 150 ஓம் போதும் என்று முடிவு கட்டி, சால்டர் செய்து, குழாய் உறை போட்டுச் சுருக்கி, விளக்கையும் மாட்டிவிட்டேன். வண்டியைக் கிளப்பியதும் டெயில் மறுபடி துள்ளிக்கொண்டு எழுந்தது. 12 வோல்ட்டுக்கும் 13.8 வோல்ட்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் இழைப் பல்பின் மின்னோட்டத்தைப் பெரிதாக மாற்றாது. ஆனால் இந்த எளிய சுற்றில் எல்.இ.டி.கள் எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவது 5 வோல்ட்டா, 6.8 வோல்ட்டா என்பதுதான் மின்னோட்டத்தை நிர்ணயிக்கிறது. ஆகவே மேசை மேல் அளக்கிறவர்கள் அடாப்டரை நம்ப வேண்டாம். நான் பெட்டியையே கார் நிற்கும் இடத்துக்குத் தூக்கிப்போய், என்ஜினை ஓடவிட்டு, எல்லாவற்றையும் புதிதாக அளந்தேன். 150 ஓமுடன் டெயில் 26, விகிதம் ஏழு மடங்குக்குச் சற்றுக் குறைவு. 330 ஓமுடன் டெயில் 15, பிரேக் 174. பதினொன்றரை மடங்கு!

ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு என்று மூன்று வளையங்கள் போட்ட அந்தச் சிறு மின்தடையின் விலை ரிச்சி தெருவில் ஒரு தேநீருக்கும் குறைவு. அதில் வெப்பமாவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கால் வாட் போதும், நான் அரை வாட் போட்டேன். ஹோல்டரை வெட்டாமல், டெயில் கம்பியை இணைப்பியிலிருந்து ஊசியால் விடுவித்து, நடுவே மின்தடையைச் சேர்த்து, இரண்டு அடுக்கு உறை போட்டிருக்கிறேன். வேண்டாம் என்றால் பத்து நிமிடத்தில் பழையபடி ஆக்கிவிடலாம்.

விளக்குக் கூட்டின் பிரதிபலிப்புக் கிண்ணத்தையும் மறக்கக்கூடாது. அது இழை இருக்க வேண்டிய இடத்தை மையமாகக் கொண்டு வடிக்கப்பட்டது. பல்பின் அடியில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசியிலிருந்து சுமார் 32 மில்லி மீட்டர் உயரத்தில் அந்த இடம் இருக்கிறது. எல்.இ.டி.கள் அதே உயரத்தில், பக்கவாட்டைப் பார்த்து அமைந்திருந்தால்தான் கிண்ணம் முழுவதும் ஒளிரும். நுனியில் ஒரு பெரிய லென்ஸ் வைத்து நேரே பின்னால் மட்டும் குத்துகிற பல்புகள் கண்ணாடியின் நடுவில் ஒரு பொட்டு வைத்ததுபோல எரியும். கொஞ்சம் ஓரமாக வருகிற ஆட்டோக்காரருக்கு அது ஏறக்குறையத் தெரியவே தெரியாது.

இவ்வளவு பாடு எதற்கு என்று மனைவி கேட்டாள். இழை சூடேறி முழு ஒளிக்கு வர நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது; எல்.இ.டி.க்கு அந்தத் தாமதம் இல்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி அந்த நேரத்தில் நாலரை மீட்டர் ஓடிவிடும், ஏறக்குறைய ஒரு காரின் நீளம். ஜி.எஸ்.டி. சாலையில் லாரி ஒன்று பின்னால் முட்டிக்கொண்டு வரும்போது அந்த நாலரை மீட்டரின் அருமை தெரியும் என்று சொன்னேன்.

இடப்பக்க விளக்கில் வேறொரு கதை நடந்தது. பழைய பல்பு இருந்த காலத்திலேயே, மழை நாட்களில் டெயில் எரிந்துகொண்டிருக்கும்போது பிரேக் பிடித்தால் அந்தப் பக்கம் அணைந்துவிடும். எர்த், அதாவது மின்சாரம் வண்டியின் உடல் வழியே பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, போன விளக்கின் அடையாளம் அது: திரும்பிப் போக வழியில்லாமல் இரண்டு இழைகளின் முனையிலும் ஒரே வோல்ட் நின்றுவிட்டால் எதுதான் எரியும்? எல்.இ.டி. போட்டதும் அது தானாகச் சரியானதுபோல இருந்ததால் நானும் பெருமையாக விட்டுவிட்டேன். உண்மையில் சரியாகவில்லை, மறைந்திருந்தது. மல்டிமீட்டரை விளக்கின் எர்த்துக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் இடையே வைத்துப் பிரேக்கை அழுத்தினால், இழைப் பல்புடன் 3 வோல்ட் அந்தத் துருவிலேயே தொலைகிறது. கால் ஆம்பியர் மட்டும் இழுக்கிற எல்.இ.டி.யுடன் அரை வோல்ட்தான். சென்ற வாரம் பெய்த மழைக்குப் பிறகு துரு முற்றி, விளக்கு முழுவதுமாகச் செத்தது. நான் பல்பைச் சபித்து, புதிதாக ஒன்று மாற்றி, அதுவும் எரியாமல் போன பிறகுதான் டிக்கியின் உள்ளே எர்த் திருகைக் கழற்றினேன். வளையத்தின் அடியில் பச்சையும் பழுப்புமாகப் பூத்திருந்தது. உப்புத்தாளால் தகடு பளபளக்கும்வரை தேய்த்து, புது வளையம் போட்டு முறுக்கிய பிறகு இழப்பு 0.1 வோல்ட்டுக்கும் கீழே. எல்.இ.டி. மாற்ற நினைப்பவர்கள் பழைய பல்பு உள்ளே இருக்கும்போதே இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும். பின்னால் செய்தால் நோய் வெளியே தெரியாது.

இண்டிகேட்டர்களை இன்னும் தொடவில்லை. ஒரு பக்கம் மட்டும் மாற்றிப் பார்த்தபோது நிமிடத்துக்கு 150க்கும் மேல் படபடத்தது. 60 முதல் 120 வரைதான் முறை. எல்.இ.டி. இழுக்கும் மின்னோட்டம் குறைவு என்பதால், இண்டிகேட்டரை விட்டு விட்டு எரியவைக்கும் ஃபிளாஷர் பல்பு ஒன்று போய்விட்டதாக எண்ணிக்கொள்கிறது. கடைகளில் இதற்கு 6 ஓம், 50 வாட் என்று தங்க நிறத்தில் ஒரு மின்தடையைத் தருகிறார்கள். அது எரிகிற ஒவ்வொரு முறையும் 2.3 ஆம்பியர் இழுத்து 32 வாட்டை வெப்பமாக்குகிறது. மிச்சப்படுத்துகிறேன் என்று சொல்லி எல்.இ.டி. போட்டுவிட்டு, பக்கத்திலேயே ஓர் இஸ்திரிப் பெட்டியை மாட்டுகிற வேலை இது. பிளாஸ்டிக்கில் ஒட்டினால் உருகும். சுமையைப் பார்க்காத ஃபிளாஷரைத் தேடுவதுதான் முறையான வழி. அது கிடைக்கும்வரை மஞ்சள் விளக்குகள் இழையாகவே இருக்கட்டும்.

கழற்றிய பல்புகளைத் தூக்கிப் போடவில்லை. வண்டிக்குப் பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது; ஆய்வாளர் முன்னால் பல்புக்கு வியாக்கியானம் சொல்லிக்கொண்டு நிற்பதைவிட, அன்று காலை பழையதையே மாட்டிக்கொண்டு போவது உத்தமம் என்பதால், துணியில் சுற்றி டேஷ்போர்டு அறையில் வைத்திருக்கிறேன்.

நேற்று இரவு மைத்துனனை அழைத்து மறுபடி பின்னால் வரச் சொன்னேன். "இப்ப ஓகே மாமா" என்றான். வேறு விளக்கம் தரவில்லை. ஆனால் இன்று காலை பார்த்தால் வலப்பக்கக் கண்ணாடியின் உள்ளே மூடுபனி படிந்திருக்கிறது. பழைய இழையின் சூடு இத்தனை ஆண்டுகளாக உள்ளே புகுந்த ஈரத்தை உலர்த்திக்கொண்டே இருந்திருக்கிறது; எல்.இ.டி.யிடம் அந்தச் சூடு இல்லை. ரப்பர் விளிம்பை மாற்றுவதற்கு முன்னால் உள்ளே உலர்த்த வேண்டும். மகளிடம் ஹேர் டிரையரைக் கேட்டிருக்கிறேன். எதற்கு என்று கேட்டவள் பதிலைக் கேட்டபிறகு இன்னும் எடுத்துத் தரவில்லை.