முழு மதிப்பெண் 158.3

அமெரிக்க அலுவலகங்களில் செப்டம்பர் முதல் ஜனவரி வரை திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு மேசையில் ஞாயிற்றுக்கிழமை நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தைத் தவிர வேறு பேச்சு கிடையாது. புதிதாக வந்த நம் ஆட்களை அங்கே முதலில் சுடுவது ஒரு எண்தான். பந்தைச் சக வீரர்களுக்கு வீசும் ஆட்டக்காரரான குவார்ட்டர்பேக்கின் பாஸ்களை எடைபோடும் பாஸர் ரேட்டிங்கில் முழு மதிப்பெண் 158.3. நூற்றுக்கு 98 வாங்கி வந்தால் "மிச்சம் ரெண்டு எங்க போச்சு?" என்று கேட்ட வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது எப்படிச் செரிக்கும்? சென்டம் என்றால் நூறு. அதற்கு மேல் 58 எதற்கு, போதாக்குறைக்கு ஒரு தசமம் வேறு!

அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். 1973-இல் ஏற்றுக்கொண்ட கணக்கு இது. மொத்தம் நாலு துண்டு. வீசியதில் எத்தனை பங்கு பிடிக்கப்பட்டது என்பதில் 0.3 கழித்து 5-ஆல் பெருக்க வேண்டும். ஒரு வீச்சுக்கு வந்த சராசரி யார்டில் 3 கழித்து 4-ஆல் வகுக்க வேண்டும். டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்த பாஸ்) விகிதத்தை 20-ஆல் பெருக்க வேண்டும். இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துவிட்ட பாஸ்) விகிதத்தை 25-ஆல் பெருக்கி, 2.375-இலிருந்து கழிக்க வேண்டும். எந்தத் துண்டும் பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது, 2.375-க்கு மேல் ஏறாது. நாலையும் கூட்டி 6-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் ரேட்டிங். நாலிலும் உச்சம் தொட்டால் 9.5, அதை வகுத்துப் பெருக்கினால் வருவதுதான் அந்த 158.3.

30 வீச்சு, 20 பிடி, 240 யார்டு, 2 டச்டவுன், 1 இன்டர்செப்ஷன் என்று வைத்துக்கொள்வோம். துண்டுகள் 1.833, 1.25, 1.333, 1.542. ரேட்டிங் 99.3. நல்ல ஆட்டம்தான்.

இந்தக் கணக்கின் கூத்து அடிமட்டத்தில் இருக்கிறது. எல்லாப் பந்தையும் தரையில் அடித்தாலும் இன்டர்செப்ஷன் இல்லாததால் கடைசித் துண்டு முழுசாகக் கிடைத்து 39.6 வந்துவிடும். 2017 நவம்பரில் பஃபலோ பில்ஸ் அணிக்காக முதல் முறையாக ஆட்டத்தைத் தொடங்கிய நேதன் பீட்டர்மன், முதல் பாதியிலேயே 14 வீச்சில் 6 பிடி, 66 யார்டு, 5 இன்டர்செப்ஷன். ரேட்டிங் 17.9. பதினாலையும் புல்லில் குத்தியிருந்தால் இரண்டு மடங்குக்கு மேல் வாங்கியிருப்பார்.

அதைக்கூடச் சிரித்துவிட்டு விடலாம். விட முடியாத குறை சாக், அதாவது வீசுவதற்கு முன்பே குவார்ட்டர்பேக் வீழ்த்தப்படுவது. பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்று, தடுப்பாளர்களிடம் சிக்கி 8 யார்டு பின்னால் விழுந்தால் ரேட்டிங்கில் ஒரு கீறல்கூட விழாது. ஆபத்தை முன்கூட்டியே பார்த்து, பந்தைக் கோட்டுக்கு வெளியே எறிந்து அந்த 8 யார்டைக் காப்பாற்றியவருக்கோ அது பிடிபடாத பாஸ், மார்க் குறையும். புத்திசாலிக்குத் தண்டனை, முழித்துக்கொண்டு நின்றவனுக்கு மன்னிப்பு! இதைச் சரிசெய்ய எளிய வழி உண்டு. யார்டோடு டச்டவுனுக்கு 20 கூட்டி, இன்டர்செப்ஷனுக்கு 45 கழித்து, சாக்கில் இழந்த யார்டையும் கழித்து, வீச்சும் சாக்கும் சேர்ந்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். முன்னே 99.3 வாங்கியவர் 3 சாக்கில் 20 யார்டு இழந்திருந்தால் 215-ஐ 33-ஆல் வகுத்து 6.5. ஒரே ஒரு எண்தான் கையில் வேண்டுமென்றால் இது போதும்.

ஈ.எஸ்.பி.என். 2011-இல் கொண்டுவந்த கியூ.பி.ஆர். என்ற இன்னொரு குவார்ட்டர்பேக் மதிப்பெண் நூறுக்குள் அடங்கும். நம் மனசுக்கு ஆறுதல், ஆனால் முழுச் சூத்திரத்தையும் வெளியிடாததால் காகிதத்தில் போட்டுப் பார்க்க முடியாது.

இவ்வளவும் பிடிபட்ட பிறகு ஊரோடு ஒட்டிவிட்டோம் என்ற தெம்பு வரும். கிழக்குக் கரையில் ஞாயிறு மதியம் 1 மணி ஆட்டம் தொடங்கும்போது நவம்பரில் சென்னையில் இரவு 11.30, அதனால் வீட்டுக்குப் போன் காலையிலேயே முடிந்திருக்கும். மூன்றாவது டவுனில், அதாவது 10 யார்டு கடக்கக் கிடைக்கும் நாலு முயற்சிகளில் மூன்றாவதில், 10 யார்டு தேவைப்படும் இடத்தில் 8 யார்டு பாஸ் போட்டு, ரேட்டிங் ஏறி, அடுத்த முயற்சியில் பந்தை உதைத்து எதிரணிக்குக் கொடுப்பதைப் பார்க்கும்போதுதான் நினைப்பு சேப்பாக்கத்துக்கு ஓடும். 1999 ஜனவரி, பாகிஸ்தான் டெஸ்ட். சச்சின் 136. அவர் அவுட்டாகும்போது வேண்டியது 17 ரன், கையில் 3 விக்கெட். தோற்றது 12 ரன்னில். டீக்கடையில் அந்தக் காலத்தில் ஸ்கோரை யார் கேட்டார்கள்? "சச்சின் இருக்கானா, போயிட்டானா?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள் மொத்த நிலவரமும் இருந்தது.

எதிர்பார்க்கும் புள்ளியை ஒரு பாஸ் எவ்வளவு கூட்டியது என்று பார்க்கும் இ.பி.ஏ. கணக்கு செய்வதும் அதைத்தான். எந்த டவுன், இன்னும் எத்தனை யார்டு வேண்டும், மைதானத்தில் எந்த இடம் என்பதை வைத்து அந்த நிலையில் சராசரியாக எத்தனை புள்ளி எதிர்பார்க்கலாம் என்று பழைய ஆட்டங்களிலிருந்து கணக்கிட்டு, பாஸுக்குப் பின் இருப்பதில் முன் இருந்ததைக் கழிப்பார்கள். அந்த 8 யார்டு இங்கே பெரும்பாலும் மைனஸில்தான் வரும்.

இதிலும் பிடித்தவனின் உழைப்பு வீசியவன் கணக்கில் சேரும். பந்து காற்றில் 2 யார்டு போய், பிடித்தவன் 60 யார்டு ஓடினாலும் 62 யார்டு குவார்ட்டர்பேக் பேரில்தான். மார்பில் விழுந்த பந்தைத் தட்டிவிட்டு அது எதிரணி கைக்குப் போனாலும் இன்டர்செப்ஷன் அவர் தலையில். ஆகவே மேசையில் யாராவது 99.3 என்று பெருமை பேசினால் சாக் எத்தனை, காற்றில் எத்தனை யார்டு, கை நழுவியது எத்தனை என்று மூன்றையும் கேட்டுவிட்டு அப்புறம் தயிர்சாத டப்பாவைத் திறக்கலாம்.